ஷரத்தும் உட்பிரிவும்

படித்த குடும்பங்களில்கூட ஒரு விசித்திரமான வழக்கம் இருந்து வருகிறது. தொடர்கதையை ஒரு வரி விடாமல் வாசிப்பார்கள். பத்திரிகையின் மூலையிலுள்ள விளம்பரத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் வீட்டை வாடகைக்கு விடும் ஒப்பந்தமோ, நிலத்தைக் குத்தகைக்கு விடும் பத்திரமோ கைக்கு வந்தால், "கையெழுத்து எங்கே போட வேண்டும்?" என்ற ஒரே கேள்வியுடன் வாசிப்பு முடிந்துவிடும். காரணம் கேட்டால், "ஒன்று, இரண்டு, அ, ஆ என்று ஏணிப்படி மாதிரி ஏதேதோ போட்டிருக்கிறதே! அதெல்லாம் வக்கீல்களுக்கல்லவா விளங்கும்?" என்பார்கள்.

அந்த ஏணிப்படி நாம் ஏறுவதற்காகவே போடப்பட்டது என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் உபாத்தியாயராக இருக்கும் சேதராப்பட்டு, புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூர்ப் பகுதியில் உள்ள கிராமம். தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே ஏர் பிடித்த கைகளுக்கும் பத்திரங்களோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. புதுச்சேரி நிலப் பத்திரங்களில் ரீசர்வே நம்பர் ஒன்றும், பிரெஞ்சு முறையில் வந்த கதஸ்தர் நம்பர் ஒன்றும் சேர்ந்து வருவதைக் காணலாம். எங்கள் ஊர்க் குடியானவரிடம் "45-ல் 2" என்று சொல்லிப் பாருங்கள். நாற்பத்தைந்தாம் நம்பர் முழு நிலம் என்பதும், இரண்டு அதன் உட்பிரிவு என்பதும், 45-ல் 2 வேறு, 45-ல் 3 வேறு என்பதும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் ஷரத்துகளும் அவ்விதமே. ஷரத்து என்பது ஒரு மனை. அதை வரப்புக் கட்டிப் பிரித்தால் உட்பிரிவு. எண் என்பது அதன் விலாசம். இவ்வளவுதான் அடிப்படை.

ஆயினும் நிலத்துக்கும் ஷரத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நிலத்தின் உட்பிரிவு தனியே நிற்கும். ஷரத்தின் உட்பிரிவு தனியே நிற்காது. அதற்குத் தாய் வாக்கியம் ஒன்று மேலே இருக்கும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். குத்தகைக்கு விடுபவர், எடுப்பவர் ஆகிய இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் ஆங்கில எழுத்து ஏ முதல் க்யூ வரை பதினேழு உட்பிரிவுகளாக அது அடுக்குகிறது. அவற்றுள் 'பீ' என்பது, சொந்தக்காரரின் சம்மதமின்றிக் குத்தகைதாரர் நிரந்தரக் கட்டடம் எழுப்பலாகாது, விவசாயக் காரியத்துக்கானால் எழுப்பலாம் என்கிறது. இதை மட்டும் வாசித்தவர், சட்டமே நம்மைக் காப்பாற்றும் என்று நிம்மதியாக உறங்கப் போவார். ஆனால் பதினேழுக்கும் மேலே தாய் வாக்கியம் நிற்கிறது. மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோதுதான் இவை செல்லும் என்பது அதன் கருத்து. ஆகவே, நாம் கையெழுத்திட்ட பத்திரத்தில் வேறுவிதமாக ஒரு வரி இருந்தால் 'பீ' வாய் திறக்காது.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம்; அதிகாரம் ஒன்றுக்கு ஒன்பது இயல்; இயலுக்குள் நூற்பாக்கள். தலைமையாக எடுத்துக்கொண்ட பொருள் பின்வரும் நூற்பாக்களிலும் தொடர்ந்து செல்லும் என்பதற்கு 'அதிகார முறை' என்றே பெயர் வைத்து, முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்றாக மரபியல் எண்ணுகிறது. இலக்கண வகுப்பில் இதைப் படித்த மாணவன் வாடகை ஒப்பந்தத்தைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியவை, உட்பிரிவுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் சிறு சொற்கள். கடைசி உட்பிரிவுக்கு முன்னால் 'மற்றும்' என்று இருந்தால் எல்லா நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். 'அல்லது' என்று இருந்தால் ஒன்று போதும். உட்பிரிவே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தார் அறிவார்கள். ஓவர்டைம் கூலி பெறாத வேலைகளை அவர்களுடைய சட்டம் எண்ணிடாமல் ஒரே வரிசையில் அடுக்கியிருந்தது. அதன் கடைசியில் இருந்தது, அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ 'பொட்டலம் கட்டுதல்' என்ற ஒரே வேலையா, அல்லது பொட்டலம் கட்டுதல் ஒன்று, விநியோகம் மற்றொன்று என இரண்டா? ஒரு காற்புள்ளி இல்லாமையால் இந்தச் சந்தேகம் எழுந்தது. பால் வண்டி ஓட்டுநர்கள் வழக்காடினார்கள். 2017-இல் அப்பீல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு வருஷம் 50 லட்சம் டாலருக்கு வழக்கு ராஜியாயிற்று. மாகாணச் சட்டசபையும் அந்த வரிசையைத் திருத்தி எழுதிற்று. அ, ஆ, இ என்று பிரித்து எழுதியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமிருந்திராது.

மூன்றாவது விஷயந்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு ஷரத்து மற்றொரு ஷரத்தைக் கைகாட்டினால், கைகாட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தே தீர வேண்டும். '14-ஆம் ஷரத்துக்கு உட்பட்டு' என்றால் 14 எஜமான்; இது ஊழியன். '14-ஆம் ஷரத்தில் என்ன கூறியிருப்பினும்' என்றால் இதுவே எஜமான்.

சில வருஷங்களுக்கு முன், கணவரை இழந்த ஓர் அம்மாள் தமது நிலத்தை ஒரு பட்டறைக்குக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார். அந்த வாடகையை நம்பித்தான் அவருடைய இரு குழந்தைகளின் படிப்பு இருந்தது. பத்திர நகலை என்னிடம் கொண்டுவந்து, "வாத்தியாரையா, மூன்று மாசம் வாடகை தராவிட்டால் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒன்பதாவதில் இருக்கிறதாமே? படித்துக் காட்டினார்கள்" என்றார். இருந்தது உண்மைதான். 9 (1) வாடகைப் பாக்கி. 9 (2) சம்மதமின்றிக் கட்டடம் எழுப்புதல். 9 (3) உள்வாடகைக்கு விடுதல். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தால் குத்தகையை முடிக்கலாம். ஆனால் ஒன்பதின் தலையில், '14-ஆம் ஷரத்துக்கு உட்பட்டு' என்ற சொற்கள் இருந்தன. பக்கத்தைப் புரட்டினோம். முதல் ஐந்து வருஷங்களுக்குள் சொந்தக்காரர் எக்காரணங்கொண்டும் குத்தகையை முடிக்கலாகாது என்றது பதினான்கு!

அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அஞ்சு வருஷத்துக்கு அந்த ஒன்பது எதுக்கும் உதவாதா?" என்று கேட்டார். சட்டக் கலாசாலையில் கேட்கக்கூடிய கேள்வி அது. "இப்படியே கையெழுத்துப் போட்டால் உதவாது, அம்மா. முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்றேன். வக்கீல் சொன்ன யோசனைப்படி, '9 (1) நீங்கலாக' என்ற சொற்களைப் பதினான்கின் தலையில் சேர்த்த பின்புதான் அவர் கையெழுத்திட்டார். எதிர்த்தரப்பார் மறுக்கவுமில்லை, கேட்டால் கொடுப்பதற்கு ஆட்சேபமில்லாத விஷயம் அது. கேட்பதற்குத்தான் ஷரத்தைப் படித்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரருக்கு இது சொந்த விஷயத்தோடு நிற்பதுமன்று. 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்டு, 1962 ஆகஸ்டு 16-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்தப் பிரதேசத்தில் பிறந்து, இங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகள் ஆவார்கள் என்றது அதன் நான்காம் ஷரத்து. ஐந்தாம் ஷரத்து கூறும் விலக்கு நீங்கலாக என்றும் அதிலேயே இருந்தது. ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்கலாம் என்பது அந்த ஐந்து. நான்கோடு நிறுத்தியவருக்கு வாசல் ஒன்று. ஐந்தையும் வாசித்தவருக்கு வாசல் இரண்டு. எந்த வாசலில் புகுவது என்பது அவரவர் மனச்சாட்சி. இரண்டு வாசல் உண்டு என்று அறிந்திருப்பது மட்டும் எல்லோருக்கும் அவசியமாயிருந்தது.

நமது பிரதேசத்துக்குச் சட்டசபை அமைக்க வழி செய்த அரசியல் சட்டப் பிரிவும் 239-ஏ என்றே வழங்குகிறது. 1962-இல் பதினான்காம் திருத்தத்தின் மூலம் அது நுழைக்கப்பட்டது. 240 என்று புதிதாக எண்ணிட்டிருந்தால் பின்னுள்ள எண்கள் அனைத்தும் நகர்ந்து, அவற்றைக் கைகாட்டும் இடங்களெல்லாம் தவறிப்போகும். ஆகவே அண்டை வீட்டாரை அசைக்காமல் நடுவே ஓர் அறை கட்டினார்கள்.

ஆகையால் அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பத்திரம் வந்தால், மேஜைமேல் பரப்பி, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உட்பிரிவையும் அதன் தாய் வாக்கியத்தோடு சேர்த்து முழு வாக்கியமாக வாய்விட்டு வாசியுங்கள். 'மற்றும்', 'அல்லது' என்பவற்றைச் சுற்றிக் கோடு போடுங்கள். பிற எண்ணைக் கண்டால் அங்கே போய்விட்டுத் திரும்புங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் இருந்தால் அவளையே வாசிக்கச் சொல்லலாம். ஐயமுள்ள இடத்துக்கு வக்கீலிடம் போகும்போது, "எல்லாம் சரியா?" என்று கேட்காமல், "9 (1)-ஐப் பதினான்கு தடுக்கிறதா?" என்று கேளுங்கள். நாம் கேட்ட கேள்விக்கு நேரான விடை அப்போதுதான் கிடைக்கும்.