கீழே கல், மேலே மரம்

ஆறு நூல் பலகை ஏழு நூலுக்கு மேல் ஊதியிருந்தது. ஆசாரி இஞ்ச் டேப்பை விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே இறங்கியது. பிசிறிய புட்டு மாவைப் போல உதிர்ந்து தரையில் விழுந்ததில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இது பலகையே இல்லம்மா. மரத்தூளப் பசையில அமுக்கி, மேல ஒரு தாள் ஒட்டுனது. தண்ணி குடிச்சா ஊதும். காஞ்சாலும் பழைய கனத்துக்கு வராது. ஸ்க்ரூவும் இனிமே பிடிக்காது" என்றார்.

வேளச்சேரி ராம் நகரில் ஒரு தரைத்தள வீட்டின் சமையலறை அது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் தெருவில் இடுப்பளவும் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேலும் தண்ணீர் ஏறியது. வடியப் பல நாள் ஆனது. நான் அங்கே போனபோது மார்கழி பிறந்திருந்தது. படகும் உணவுப் பொட்டலமும் செய்தியாக வந்து முடிந்திருந்தன. அதற்குப் பிறகு ஒரு வீட்டை மறுபடி வீடாக்குகிறவர்கள் யார், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். அதற்குச் சமையலறையை விடச் சரியான இடம் இல்லை. எட்டுக்குப் பத்தடி அறைக்குள் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுகிறவர், கல் அறுக்கிறவர், ஆசாரி என்று அத்தனை பேரும் வந்து போக வேண்டும். ஒருவர் வேலை முடியாமல் அடுத்தவர் கை வைக்க முடியாது.

வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'டீச்சரம்மா' என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ஹாலில் ஸ்டூல் மேல் இண்டக்‌ஷன் அடுப்பு, சோபா மேல் மளிகை டப்பாக்கள், குளியலறையில் பாத்திரம் தேய்ப்பு. இப்படியே வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. "எது இல்லன்னாலும் சமாளிச்சிடலாம்மா. உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாம நிக்கிறேன் பாருங்க, அப்பதான் அழுகை வருது" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு தகவல்தான் என்னைத் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கு இழுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே வீட்டுக்குள் ஏறக்குறைய இதே உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அப்போது இருந்தது பழைய சமையலறை: செங்கல் கட்டி, நடுவே கடப்பா கல் பதித்த தட்டுகள், முகப்பில் துணித் திரை. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டுச் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாலு வருடம் கழித்து அதை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டார்கள். இந்தமுறை வெள்ளத்தில் அதன் கீழ்ப்பாதி முழுவதும் குப்பைக்குப் போனது.

மாடுலர் பெட்டிகளைத் தரையோடு தரையாக வைப்பதில்லை. நாலு இஞ்ச் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, முன்னால் ஒரு பட்டையை வைத்து மறைத்துவிடுவார்கள். தரை துடைக்கும்போது தெறிக்கும் தண்ணீருக்கு அந்த நாலு இஞ்ச் போதும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிக்குப் போதுமா? தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற நீர் அந்தச் சதுப்புக்குத்தான் வந்து சேர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்க வேண்டும். 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. ஆனால் பட்டியலில் ஏறும் முன்பே அதன் பெரும் பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. தண்ணீருக்கு இடமில்லாமல் போனால் அது ராம் நகருக்குள்தான் வரும். அப்படிப்பட்ட தெருவில் தரைத்தளத்துக்கு மரத்தூள் பலகையை விற்றவர்கள் ஒரு வார்த்தை எச்சரித்திருக்க வேண்டும். டீச்சரம்மா அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டபோது, தண்ணீரால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று பதில் வந்தது. மேல் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, கீழே மட்டும் அதே நிறத்தில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். அந்த நிற லேமினேட் இப்போது வருவதில்லையாம். ஒன்று, நன்றாக இருக்கும் மேல் பாதியையும் கழற்றி எறிய வேண்டும். இல்லை, இரண்டு நிறத்தோடு இருக்க வேண்டும்.

"பொங்கலுக்குள்ள அடுப்ப ஏத்திடணும் ஆசாரி" என்பது டீச்சரம்மாவின் ஒரே கோரிக்கை. ஜனவரி 15 பொங்கல். ஆசாரி தலையைச் சொறிந்தார். "என் வேலை பத்து நாளுதான். சுவரு காயணுமே. மேஸ்திரியக் கேளுங்க."

மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர். வந்ததும் சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டைல்ஸ் பல இடங்களில் பொக்கையாகச் சத்தம் கொடுத்தது. தண்ணீர் நின்ற கோடு சுவரில் முழங்காலுக்கு மேலே பழுப்பாகத் தெரிந்தது. ஆனால் ஓதம் அதற்கும் மேலே ஒன்றரை அடி ஏறியிருந்தது. செங்கலுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டே போகும். வெள்ளம் வடிந்த பிறகும் அது நிற்காது. மேல்பூச்சு உலர்ந்ததுபோலத் தெரியும். ஒன்பது இஞ்ச் சுவர் உள்வரை காய மாதக்கணக்காகும். தண்ணீரில் கரைந்திருந்த உப்பு, சுவர் காயும்போது வெளியே வந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அது பூத்து முடியும்வரை பட்டி பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் வீண்செலவு.

டீச்சரம்மா நம்பத் தயங்கினார். மேஸ்திரி வாதம் செய்யவில்லை. ஒரு பாலிதீன் தாளை முழ அகலத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதற்குப் பிறகு டீச்சரம்மா பொங்கலைப் பற்றிப் பேசவில்லை. நனைந்த பூச்சை நாலடி உயரம்வரை கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவைத்தார்கள். மார்கழிப் பனியில் அதுவும் மெதுவாகத்தான் காய்ந்தது.

அதே தெருவில் அவசரம் அவசரமாக வேலையை முடித்த வீடு ஒன்றையும் பார்த்தேன். புதுப் பூச்சு, புதுப் பட்டி, வெளிர்நீலப் பெயின்ட். ஜனவரி முடிவதற்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. சுவரை ஒட்டி நின்ற புதுப் பெட்டியின் பின்பலகையில் பூசணம் பிடித்து, கதவைத் திறந்தாலே முடை நாற்றம். அங்கே வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஒரு கொத்தனாரை நாலு வீடு இழுக்கிறது. யார் காத்திருக்கச் சொல்கிறாரோ அவரை விட்டுவிட்டு, நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்கிறவரை வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். பொறுமையாகச் செய்கிறவருக்கு அதனால் வேலை போகிறது.

தை பிறந்தது. எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பினார்கள். டீச்சரம்மா வீட்டு வாசலில்தான் பொங்கல் வைத்தார். சுவர் ஒருவழியாகத் தேறிய பிறகு நடந்த வேலையில் நான் நெடுநேரம் நின்று பார்த்தது மட்டம் எடுத்ததை. சமையலறைத் தரை ஒரு மூலையில் அரை இஞ்ச் இறங்கியிருந்தது. அடியில் நிரப்பிய மண்ணைத் தண்ணீர் அரித்துவிட்டிருந்தது. தரையிலிருந்து அளந்தால் மேடை சாய்ந்துவிடும். மேஸ்திரி ஒரு நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினார். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்று விரலால் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியையும் வெளியேற்றினார். ஒரு முனையைச் சித்தாள் அக்கா சுவரிலிருந்த குறியோடு சேர்த்துப் பிடித்தார். மறுமுனையோடு மேஸ்திரி எதிர்ச் சுவருக்குப் போனார். குழாயில் நீர் ஏறி இறங்கி ஆடியது. "ஏறுதா?" "இல்லண்ணே, நின்னுடுச்சு." பென்சில் கோடு விழுந்தது. ஆசாரி தன் ரசமட்டத்தை வைத்துச் சரிபார்த்தார், இம்மியும் பிசகவில்லை.

அன்றைக்கு மேடை உயரம் பற்றிப் பேச்சு வந்தது. கம்பெனிக்காரர்கள் போட்டது முப்பத்து நாலு இஞ்ச். டீச்சரம்மாவுக்குத் தோள்பட்டை வலி அப்போதிலிருந்துதானாம். ஆசாரி அவரை நிற்கச் சொல்லி, கையை முழங்கை வரை மடக்கச் சொல்லி, அங்கிருந்து ஒரு சாண் கீழே குறி வைத்தார். முப்பத்தொன்றரை வந்தது. நாலு வருடம் அந்த அடுப்படியில் நின்ற ஒருவரை இதுவரை யாருமே நிற்க வைத்து அளக்கவில்லை.

பலகை வாங்கும் இடத்திலும் ஆசாரி அவசரப்படவில்லை. ஒட்டுப்பலகையில் எத்தனையோ தரம் இருக்கிறது. கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தில் செய்வது, ஹரியானாவின் யமுனா நகரில் பாப்லரிலும் தைல மரத்திலும் செய்வது எல்லாம் ஒரே கடையில் அடுக்கியிருக்கும். மெல்லிய மரத்தோல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டுவது எல்லாவற்றுக்கும் பொது. வித்தியாசம் பசையில். ஐஎஸ் 710 என்று முத்திரையுள்ள பலகைக்கு ஃபீனால் பசை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்கான விதி. முத்திரை இருந்தாலும் ஆசாரி நம்பிவிடுவதில்லை. கடையிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து, டீச்சரம்மாவின் பழைய குக்கரில் போட்டு இரண்டு மணி நேரம் வேகவைத்தார். எடுத்து ஆற வைத்து, விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினார். மரம் பிய்ந்து வந்ததே தவிர ஒட்டு விடவில்லை. "இது தேறும்" என்றார். முதல் கடையின் துண்டு அதே குக்கரில் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அதன் மேலும் அதே முத்திரைதான்.

இவ்வளவு தேடி எடுத்த பலகையைக் கீழ்ப்பகுதிக்குப் போடவே கூடாது என்று அவரே சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. "இந்தப் பலகை ஒரு நாள் ரெண்டு நாள் தண்ணியத் தாங்கும். ஒரு வாரம் சாக்கடைத் தண்ணி நின்னா நான் பொறுப்பில்ல டீச்சரம்மா. கீழ பழையபடி கல்லையே வெச்சிடுங்க. மேல நான் பாத்துக்கறேன்." சமையலறையில் ஆசாரிக்கு வேலையும் கூலியும் அதிகம் கிடைப்பது கீழ்ப்பகுதியில்தான். அதை மேஸ்திரி பக்கம் தள்ளிவிட்டார்.

அவர் வாடகைக்கு இருக்கும் பள்ளிக்கரணை வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கிறது. அறுக்கும் மெஷின், இழைக்கும் மெஷின், டிரில் மூன்றும் மூழ்கின. ஒன்றுக்குக் காயில் கட்டி ஓடவைத்தார், ஒன்றைப் புதிதாக வாங்கினார். ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் அதற்கே போதவில்லை. உதவிக்கு இருந்த ராஜஸ்தான் பையனுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை. அவனுக்கு அந்தத் தொகையும் வரவில்லை. ஊரெல்லாம் சமையலறை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஆசாரி வீட்டு அடுப்பு இரண்டு செங்கல் மேல் வைத்த பலகையில்தான் இருந்தது.

மாசியில் வேலை முடிந்தது. கீழே செங்கல் தடுப்பு, கடப்பா தட்டு, உள்ளே முழுக்க டைல்ஸ். கதவுகள் மட்டும் ஒட்டுப்பலகை. தூக்கினால் கழன்று வரும் கீலில் மாட்டியவை. மழை எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடலாம். தரையை ஒட்டியிருந்த பிளக் பாயின்ட் எல்லாம் மேடைக்கு மேலே ஏறிவிட்டன. வெள்ளத்தன்று தரைச் சல்லடை வழியாகச் சாக்கடை எதிர்த்து வந்ததால், கழிவுக் குழாயில் திரும்பி வராத வால்வு ஒன்றைப் பிளம்பர் பொருத்தினார். மேல் பெட்டிகள் பழைய நிறத்திலேயே இருக்கின்றன. கீழே வேறு நிறம். டீச்சரம்மாவுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கிளம்பும்போது ஆசாரியிடம் கேட்டேன், இந்த யோசனையை 2019-இல் யாராவது உங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று. "கேட்டா சொல்லுவோம்மா. படம் போட்டு, பலகை வாங்கி எறக்கின பிறகுதான் எங்களக் கூப்பிடுவாங்க" என்றார்.

தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர்களே, சமையலறை போடவோ மாற்றவோ நினைத்தால் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு கொத்தனாரையும் ஒரு ஆசாரியையும் சேர்த்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சுவரையும் தரையையும் காட்டுங்கள், போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைச் சொல்லுங்கள். அவர்கள் யோசனைக்கு அரை நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.