கனத்த எழுத்து

கிளாரண்டன் என்னும் ஆங்கில அச்செழுத்தைப் பெயரால் அறியாதாரும் கண்ணால் அறிந்திருப்பர். தடித்த உடல், நுனிதோறும் செரிஃப் எனப்படும் குறுங்கோடு. அக்கோடு மெலிந்து ஒட்டி நில்லாது, வளைந்து தண்டோடு கலந்து, மரத்தின் வேர்போல் ஊன்றி நிற்கும். 1845ஆம் ஆண்டில் இலண்டனில் ராபர்ட் பெஸ்லி என்பாரின் வார்ப்பகம் இதனை வெளியிட்டது. வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். சட்டம் அளித்த காப்புரிமை மூன்றே ஆண்டுகள். அவை கழிந்ததும் பிற வார்ப்பகத்தார் இதனைப் பார்த்துத் தாமும் வார்த்துத் தள்ளினர். நல்ல சரக்குக்கு நேரும் கதிதானே!

இதற்கு முன்னும் கனத்த எழுத்துக்கள் இருந்தன. அவை சுவர் விளம்பரங்களுக்கு ஏற்றவை. பருத்த தண்டும் மயிரிழைக் கோடுமாய், சிறிய அளவில் கண்ணை உறுத்துபவை. கிளாரண்டனோ சாதாரண எழுத்துக்கு அருகில், அதே வரியில் அமர்ந்து, ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டப் பிறந்தது. அகராதியில் தலைச்சொல்லைத் தேடும் கண் வழுக்காமல் நிற்பது இத்தகைய எழுத்தால்தான். அமெரிக்க ரயில் அட்டவணைகளில் முற்பகல் நேரத்தை மெல்லிய எழுத்திலும் பிற்பகல் நேரத்தைக் கனத்த எழுத்திலும் அச்சிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இச்செய்தி தேனாய் இனிக்கிறது.

ஆனால் இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தது ஒரு பிழை செய்த பிறகே.

வடநாட்டில் நாம் பணிபுரியும் நிலையத்தில், தண்டவாள வேலை காரணமாகத் தென்னாட்டு வண்டி மூன்று நாட்களுக்கு இரவு 9-40க்குப் பதிலாக 7-55க்கே புறப்படும் என்று அறிவிப்பு எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கணினியில் தட்டினோம். ஒவ்வொரு வரியும் முக்கியமாகவே தோன்றிற்று. ‘வருந்துகிறோம்’ என்பது முதல் கையொப்பம் வரை எல்லாவற்றையும் கிளாரண்டன் இனத்துக் கனத்த எழுத்திலேயே அமைத்தோம். பலகையில் ஒட்டி, கம்பீரமாக இருக்கிறதென்று மகிழ்ந்தும் கொண்டோம்.

அன்றிரவு 9 மணிக்கு ஒரு தமிழ் இளைஞர், மனைவியும் கைக்குழந்தையுமாக, ஜன்னலருகே வந்து நின்றார். ஊரில் தந்தையார் கவலைக்கிடமாம்.

“மத்தியானமே பலகையைப் பார்த்தேன் சார். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. வழக்கமான அபராத நோட்டீசு என்று நினைத்துவிட்டேன்” என்றார்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்போம். அவர் கோபிக்கவில்லை. பெஞ்சியில் துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினார். மறுநாள் வண்டியேறினர். சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று திரும்பி வந்த பின் சொன்னார். முதல்நாளே சென்றிருந்தால் முகம் பார்த்திருப்பாரோ என்னவோ. அந்தக் கணக்கைப் போட நமக்குத் துணிவில்லை.

இப்போது நம் அறிவிப்புகளில் தேதியும் நேரமும் மட்டுமே கனத்த எழுத்து. மற்றவை எல்லாம் மெலிந்தே கிடக்கும். “ஏன் ஐயா, இப்படி ஏழையாக இருக்கிறது?” என்று மேலதிகாரி ஒருநாள் கேட்டார். நாலடி தள்ளி நின்று பார்க்கும்படி வேண்டினோம். பார்த்தார், கையொப்பமிட்டார்.