பச்சை பூத்த பத்மினி

எங்கள் வீட்டில் ஒரு பத்மினி இருக்கிறாள். 'தில்லானா மோகனாம்பாள்' பத்மினி இல்லை சார்... பிரீமியர் பத்மினி! 1985 மாடல். பம்பாய் குர்லாவில் பிறந்து, பெசன்ட் நகரில் வாழ்க்கைப்பட்டவள். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். பவர் ஸ்டீயரிங் என்பது அப்பாவின் தோள்பட்டை.

பெசன்ட் நகர்வாசிகளுக்கு இரண்டு சொத்து. ஒன்று கடல் காற்று, இன்னொன்று துரு. எலியட்ஸ் பீச் சுண்டலில் உப்பு குறைந்தால் காற்றில் காட்டி எடுத்தால் போதும். அந்த உப்புக்காற்று எங்கள் வீட்டு கேட்டைத் தின்றது. ஜன்னல் கம்பியைத் தின்றது. அப்புறம் சத்தமில்லாமல் பத்மினியின் பானெட்டுக்குள் புகுந்தது.

முதல் மானபங்கம் தி.நகரில். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, பனகல் பார்க் சிக்னல். ரங்கநாதன் தெரு ஜனம் மொத்தமும் பையோடு வெளியே வரும் நேரம். வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால், "ட்ர்ர்... ட்ரக்" என்று ஒரு முனகல். பின்னால் மூன்று பஸ், முப்பது ஆட்டோ, முந்நூறு ஹாரன். தள்ளிவிட்ட புண்ணியவான்களில் ஒருவர், "பேட்டரி சார்" என்றார். இன்னொருவர், "வித்துடுங்க சார்" என்றார்.

பேட்டரி மாற்றினேன். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி, கதவைத் திறடி. ஆறு மாதத்தில் இன்னொரு பேட்டரி. இரண்டுக்குமாக ஒன்பதாயிரம் ரூபாய் காலி.

அப்புறம் அந்த ராத்திரி. மணி இரண்டு. அப்பாவுக்கு மூச்சுத் திணறல். அவரைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு சாவியைத் திருப்பினேன். "டிக்." அவ்வளவுதான். மறுபடியும் "டிக்." எதிர் வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்து தன் காரை எடுக்காவிட்டால்... வேண்டாம், அதை எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். தினமும் காலையில் மஞ்சள் துணியால் வண்டியைத் துடைக்கிற மனுஷர், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். "குடுத்துடுடா" என்றார்.

தம்பியும் தூபம் போட்டான். "மும்பையிலேயே 2023 அக்டோபர்ல கடைசி பத்மினி டாக்ஸி ரிட்டயர் ஆயிடுச்சுண்ணா. நாம எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?"

புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் போனில் விலை பேசினேன். சனிக்கிழமை காலை தெருப் பையன்கள் தள்ள, பத்மினி தன் கடைசி யாத்திரை கிளம்பினாள். திரு.வி.க. பாலம் தாண்டும்போது மனசு கொஞ்சம் கனத்தது. இந்தப் பாலத்தில்தான் அப்பா எனக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தார். மந்தைவெளி வந்தது. ஆர்.கே. மடம் சாலையில் கபாலி கோயில் குளத்தருகே ஒரு மாடு குறுக்கே வர, நிறுத்தினேன். எஞ்சின் அணைந்தது. நாலைந்து தடவை சாவியைத் திருப்பிவிட்டு சோக் குமிழைப் பிடித்து இழுத்தேன். "ஆ!" கை சுட்டது.

பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்த ஒரு வயசான எலெக்ட்ரீஷியன் வந்தார். கைராசி டாக்டர் மாதிரி ஒரே கேள்வி கேட்டார்: "சோக் கம்பி சுடுதா?"

பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூ பூத்திருந்தது. ஆசிட் ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்து செம்பைத் தின்ற அடையாளம். கறுப்பு கேபிளை வளைத்தார். உள்ளே மொறுமொறுவென்று அப்பளம் நொறுங்கியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற செம்புப் பின்னல் பட்டையில் இரண்டே இழை பாக்கி.

"கரண்ட் போனா மட்டும் போதாது சார், திரும்பி வரணும். காலைல ஆபீஸ் போற ஆளு சாயங்காலம் வீட்டுக்கு வர்றாப்ல. எஞ்சின் ரப்பர் மேல குந்திகினு இருக்குது. இந்தப் பட்டைதான் அதுக்குத் திரும்புற ரோடு. மெயின் ரோடு அடைச்சா ஆட்டோக்காரன் சந்துல பூர்றான் இல்ல? அதே மாரி கரண்ட் சோக் கம்பில பூந்துடுச்சு. அதான் சுடுது."

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறு முனையை எஞ்சின் மீதும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது, இரண்டைத் தாண்டிக் காட்டியது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 0.015 ஓம் தடை இருந்தால் போதும், 2.25 வோல்ட் அங்கேயே ஸ்வாஹா. பன்னிரண்டில் இரண்டு போனால் ஸ்டார்ட்டர் என்ன செய்யும் பாவம்? முனகத்தான் முனகும். புது பேட்டரி கொஞ்ச நாள் தம் கட்டித் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

"முனையைச் சுரண்டி விட்டா ஆகாதா?"

"தோலுக்குள்ளயே பச்சை ஏறிப்போச்சு சார். மாத்தணும்."

பழைய கேபிள்களை சாம்பிளுக்குத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். லஸ், ராயப்பேட்டை ஹை ரோடு, மணிக்கூண்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. உதிரி பாகங்களின் ரங்கநாதன் தெரு அது! கடைக்காரர் "எந்த வண்டி?" என்றார். "பத்மினி." ஒரு நிமிஷம் முகம் மலர்ந்தது. "எங்கப்பா வச்சிருந்தார் சார்" என்றபடி 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளை அளந்து வெட்டி, முனைக் கொக்கிகளை அழுத்திக் கொடுத்தார். பின்னல் பட்டையும் சேர்த்து 900 ரூபாய். ஒன்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு!

குளத்தங்கரையில் ஆபரேஷன் தொடர்ந்தது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பேட்டரி உள்ளே போகாமல் முனைகளில் ஊற்றினார். பொங்கிப் பொங்கிப் பச்சை கழன்றது. பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்கினார். மேலே வாசலின் பூச்சு. வரிசையையும் சொன்னார்: கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பானர் பாடியில் பட்டால் தீபாவளிதான். (பாசிட்டிவ் எர்த் வைத்த பழைய மோரிஸ் மைனர்காரர்கள், பாடியோடு சேர்ந்த ஒயர் எதுவோ அதை முதலில் கழற்றவும்.)

சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்று. "ட்ரூம்!"

"புதுப்பேட்டைக்கா சார்?"

"இல்லைங்க. பெசன்ட் நகருக்கு."

தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு அப்பா கேட்டருகே வந்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. விடுவிடென்று உள்ளே போனார். கோபமோ என்று பயந்தேன். மஞ்சள் துணியோடு வெளியே வந்தார். பானெட்டைத் துடைத்துக்கொண்டே விசாரித்தார். சொன்னேன்.

"ரெண்டு பேட்டரி வாங்கினியே... ஒரு தடவையாவது ஒயரைப் பாத்தியாடா?"

இன்ஜினீயரிங் படித்தவன் நான். பதில் சொல்லவில்லை.

எக்ஸ்சேஞ்சில் சல்லிசாகத் தள்ளிவிட்ட என் நல்ல பேட்டரிகள் இரண்டும் இப்போது எந்த ஆட்டோவில் சுகமாக ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!