மஞ்சள் விளக்கு

காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏ.பி.எஸ். என்னும் சாதனத்தின் மேல் அவ்வளவாக மரியாதை கிடையாது. தார்ச் சாலையில், அதுவும் மழை நாளில், திடீரென்று பிரேக்கை மிதிக்க நேர்ந்தால் சக்கரங்கள் சுழற்சி நின்று வழுக்கிக்கொண்டு போகாதபடி அது காப்பாற்றும் என்பதை அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் சரளைக் கல்லும் பொடி மண்ணும் நிறைந்த சரிவில், நின்றுபோன சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அந்தக் குவியலையே அணையாகக் கொண்டு வண்டியை நிறுத்திவிடக்கூடிய இடத்தில், இந்தச் சாதனம் குறுக்கே புகுந்து சக்கரத்தை விட்டுவிட்டு உருளச் செய்து, நிற்கவேண்டிய தூரத்தை நீட்டிவிடுகிறது என்பது அவர்களுடைய நெடுநாளைய குறை. குறையில் நியாயம் உண்டு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறையும் பள்ளமுமாக ஏறும் பாதையில் ஆட்களை ஏற்றிச் சென்ற பழைய ஜீப்புகளில் இப்படியொரு சாதனம் இருந்ததே இல்லை. பிரேக்கைவிட முதல் கியரை நம்பித்தான் அவற்றின் ஓட்டுநர்கள் இறங்கினார்கள்.

ஆகையால் என் வண்டியில் அந்தச் சாதனத்தின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியபோது, "பல்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள்" என்று நண்பர் ஒருவர் ஆலோசனை கூறியதை வெறும் பரிகாசம் என்று தள்ளுவதற்கில்லை. பிரேக் என்னவோ வழக்கம்போலவே பிடித்தது. ஆனால் அந்த விளக்கு தனியாக எரியவில்லை. பக்கத்தில் வேறு இரண்டு விளக்குகளும் கூடவே எரிந்தன. அந்தரத்தில் வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, மண்ணில் பிடிப்புள்ள சக்கரத்துக்குச் சக்தியைத் திருப்பிவிடும் ஏற்பாடும், செங்குத்தான இறக்கத்தில் பெடலில் கால் வைக்காமலேயே வண்டியை நடைவேகத்தில் இறக்கிவிடும் ஏற்பாடும், இக்காலத்து வண்டிகளில் ஏ.பி.எஸ். பெட்டியின் வால்வுகளையும் பம்பையும் இரவல் வாங்கித்தான் வேலை செய்கின்றன. பெட்டி முடங்கினால் மூன்றும் சேர்ந்து விடைபெற்றுக்கொள்ளும். சரளைச் சரிவில் ஏ.பி.எஸ். வேண்டாம் என்பவர், சேற்றில் தம்மைக் கரையேற்றுகிற தோழனையும் சேர்த்தே வேண்டாமென்கிறார். நண்பரின் வாதத்தில் அந்தப் பாதி விட்டுப்போயிருந்தது.

பூர்வோத்தரம் பார்த்தால் ஏ.பி.எஸ். தரைக்கு வந்ததே விமானத்திலிருந்துதான். இறங்கும்போது சக்கரம் சறுக்கி டயர் வெடிக்காமல் இருக்க டன்லப் நிறுவனத்தார் செய்த மாக்ஸரெட் என்ற யந்திரம், 1966-ஆம் ஆண்டு ஜென்ஸன் எஃப்.எஃப். என்ற ஆங்கிலக் காரில், நான்கு சக்கரங்களும் இயங்கும் அமைப்போடு சேர்ந்தே இடம்பெற்றது. 1978-இல் பாஷ் கம்பெனியின் மின்னணுக் கருவி மெர்ஸிடிஸில் வந்த பிறகு யுகமே மாறிவிட்டது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம்.

கோளாறு இன்னதென்று அந்த விளக்கு சொல்வதில்லை. ஏதோ கோளாறு என்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் பழி சென்சாரின் மேல்தான் விழும்; நியாயமாகவே விழும். சக்கரத்துக்கு அருகில், சேற்றிலும் கல்லடியிலும், பல் வளையத்தின் சுழற்சியை ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு உறுப்பில் இரும்புத் துகள் ஒட்டினாலும், அதன் ஒயர் உரசி அறுந்தாலும், வீல் பேரிங் ஆடத் தொடங்கினாலும், கணக்குத் தவறி விளக்கு எரியும். என் வண்டியிலோ, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர், சென்சாரைக் குறிப்பிடாமல் பம்ப் மோட்டாரைக் குறிப்பிட்டது. குலுங்கும் பாதையில் நெடுநேரம் ஓட்டிச் சூடேறிய பிறகு விளக்கு எரிவதும், மறுநாள் காலைக் குளிரில் ஒன்றுமறியாதது போல அணைந்திருப்பதும் அதன் சுபாவமாக இருந்தது. முறையான பணிமனையில் ஸ்கேனர் காட்டியதையே தீர்ப்பாகக் கொண்டு, முழுப் பெட்டியையும் மாற்றியாக வேண்டும் என்று ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். உறுப்பைப் பிரிப்பதும் ஆராய்வதும் அவர்களுடைய தொழில்முறையில் இல்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், வயதில் சிறியவர். அவர் முதலில் எர்த் ஒயரைத் துருத் தேய்த்துச் சுத்தம் செய்து பார்த்தார், பலனில்லை. பிறகு கப்ளரைக் கழற்றி, பம்ப் மோட்டாருக்குப் பாட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். மோட்டார் உர்ரென்று சுற்றியது.

"மோட்டார் நல்லாச் சுத்துதுங்க சார். அதுக்குக் கரண்ட்தானுங்க வந்து சேரமாட்டேங்குது. போர்டுலதான் எங்கியோ விட்டுப்போயிருக்குது" என்றார்.

"பிரித்துப் பார்த்துவிடலாமா, தம்பி?"

"பாத்துரலாமுங்க. ஆனா ஆயில் பைப்புல கை வெக்கமாட்டனுங்க."

அந்த நிபந்தனையில்தான் காரியத்தின் சூட்சுமம் இருந்தது. வெளியே பார்ப்பதற்கு ஒரே கட்டியாகத் தோன்றும் அந்தப் பெட்டி, உண்மையில் ஆயில் ஓடும் உலோக வால்வுப் பகுதி, ஒரு புறம் மோட்டார், மறுபுறம் மின்னணுப் பலகை அடங்கிய பிளாஸ்டிக் கூடு என்று மூன்றின் சேர்க்கை. என் வண்டியில், பல வண்டிகளில் உள்ளதுபோலவே, நாலைந்து திருகுகளைக் கழற்றினால் பிளாஸ்டிக் கூடு மட்டும் தனியே வந்துவிடும். பிரேக் குழாய்கள் ஆறும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு துளி ஆயிலும் சிந்தாது. அவர் கூட்டை மெதுவாக நேரே இழுத்தபோது, உள்ளேயிருந்த செம்புச் சுருள்கள், தையற்காரனின் விரலிலிருந்து கழலும் அங்குஸ்தான் போல, வால்வுகளின் தலையை விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒட்டியிருந்த மூடியை மெல்லிய ரம்பத் தகட்டால் சுற்றிலும் அறுத்துத் திறந்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, மோட்டாருக்குக் கரண்ட் போகும் தடித்த ஊசியின் அடியைக் காட்டினார். ஈயப் பற்றில் தலைமயிரிலும் மெலிந்த வட்டக் கீறல். குளிர்ந்திருக்கும்போது ஒட்டியும், சூட்டிலும் குலுக்கலிலும் விலகியும் விளக்கை ஆட்டிவைத்தது அந்தக் கீறல்தான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்து, ஈரம் புகாதபடி மூடியை ஒட்டி, அது காய்வதற்காக வண்டியை ஓர் இரவு தம்மிடமே வைத்துக்கொண்டார். விளக்குகள் மூன்றும் அணைந்தன. ஈரச் சாலையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து அழுத்தி மிதித்தபோது, பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்து பம்ப் உயிரோடிருப்பதைத் தெரிவித்தது.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கும் என்றும் சிலர் சொல்லியிருந்தார்கள். கிடைக்கலாம், ஆனால் அதன் எண் நம் வண்டிக்குப் பொருந்தவேண்டும், பொருந்தினாலும் பல வண்டிகளில் கணினி வைத்து அதற்கு வண்டியை அறிமுகப்படுத்தவேண்டும், ஆறு குழாய்களையும் கழற்றி மாட்டிய பிறகு உள்ளே சிக்கிய ஏரை எடுக்க, ஸ்கேனரால் பம்பையும் வால்வுகளையும் இயக்கிக்கொண்டே ஆயிலை வெளியேற்றவேண்டும். சாதாரண முறையில் ஏர் எடுத்தால் பெடல் பஞ்சாகவே இருக்கக்கூடும். போதாததற்கு, எந்த வண்டியில் எத்தனை வருஷம் மாற்றாத ஆயிலில் அது ஊறிக் கிடந்தது என்பதை யார் அறிவார்?

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகித்துக்கொள்ளும் குணம் உண்டு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்கவேண்டும்; ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே தரம் போதுமென்று வைத்திருக்கிறார்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் அற்பமல்ல. அதே ஈரம்தான் நாளடைவில் வால்வுகளின் உட்புறத்தையும் அரித்துத் துருவேற்றுகிறது. என் வண்டியின் ஆயிலையும் அந்த வாரமே மாற்றச் செய்தேன்.

ஈயப் பற்று விட்டுப்போனதைக் கண்ணால் பார்க்கலாம், சரிசெய்ததையும் பார்க்கலாம். அது மறுபடி விட்டால் விளக்கு எரியும், பிரேக் பிரேக்காகவே இருக்கும். வால்வு உள்ளே துருவேறி ஒட்டிக்கொண்டால் அப்படியல்ல. ஒரு சக்கரம் பிடித்து மற்றொன்று பிடிக்காமல் போகக்கூடும், அதை எந்தப் பூதக்கண்ணாடியாலும் வெளியிலிருந்து கண்டுகொள்ள முடியாது. பழுது அந்த உலோகப் பகுதியில் இருந்திருந்தால், எலக்ட்ரீஷியனிடமும் போயிருக்கமாட்டேன், புதுப்பேட்டைக்கும் போயிருக்கமாட்டேன். பணிமனைக்காரர்கள் கேட்ட தொகையைக் கொடுத்து, வழிநெடுகப் புலம்பிக்கொண்டாவது, புதுப் பெட்டியையே மாட்டியிருப்பேன்.