கண்ணாடி இல்லாத கேமரா

"கண்ணாடி இல்லியா? அப்ப உடைஞ்சதையா மக்களே காசு குடுத்து வாங்கீட்டு வந்திருக்கே?"

அரை லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டிக் கேமரா வாங்கிக்கொண்டு களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்த எனக்கு அம்மா கொடுத்த வரவேற்பு இது. தப்பு என்னுடையதுதான். 'மிரர்லெஸ்' என்பதைத் தமிழில் விளக்கியிருக்கக் கூடாது.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கும். காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்கினால் எகிறி விலகும். கல்யாண வீடுகளில் தாலி கட்டும்போது மேளத்தையும் மீறிக் கேட்டதே ஒரு 'டொக்', அதில் பாதி இந்தக் கண்ணாடியின் உபயம். 2008-ல் பானசோனிக் கம்பெனி ஜி1 என்று ஒரு கேமரா கொண்டுவந்து, அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கடாசிவிட்டது. அதற்குப் பதில் கண் வைக்கிற இடத்தில் குட்டி டி.வி. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கண்ணாடி போனதால் இடம் மிச்சம். லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே கேனனில் முன்பு 44 மில்லிமீட்டர் இருந்தது. இப்போது 20.

நான் வாங்கியது 2023-ல் வந்த கேனன் ஆர்100. அந்த வரிசையில் கடைசிப் பெஞ்ச். உடம்பு 356 கிராம், கூட வருகிற 18-45 லென்ஸ் 130 கிராம். ஆக அரைக் கிலோவுக்குப் பதினாலு கிராம் குறைவு. எங்கள் சந்தையில் இதைவிடக் கனமாக சாளை மீன் வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

வாங்கியது ஆசைக்காக மட்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். என் செல்லில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். அதில் அப்பா இருந்தவை: கல்யாணப் பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு ஒன்று, குழித்துறை வாவுபலி பொருட்காட்சியில் முதுகு மட்டும் ஒன்று, பேத்தி எடுத்த செல்ஃபியில் பாதிக் காது. கடைசியில் வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிசாக்கினோம். அந்தப் படத்தில் அப்பா, தாலுகா ஆபீசுக்கு யார் மேலோ புகார் கொடுக்க வந்தவர் மாதிரி இருக்கிறார். அதுதான் இப்போது மாலையோடு தொங்குகிறது.

எனவே அம்மாவையாவது ஒழுங்காக ஒரு படம். ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

முதல் நாள் சாயங்காலம் அடுக்களையில் மரச்சீனி வெட்டிக்கொண்டிருந்தவரை எடுத்தேன். படத்தில் மரச்சீனியும் கலங்கி, அம்மாவும் கலங்கி, முகம் முழுக்க மணல் தூவினது போல் புள்ளி. அதே இடத்தில் என் செல்லால் எடுத்தேன். பளிச்!

"இதுக்கு செல்லே போரும்லா மக்களே," என்றார் அம்மா.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அரை லட்சம் சார்! பி.காம். படித்தவன் செய்கிற வேலையைச் செய்தேன். பேப்பரை எடுத்து வரவு, செலவு போட்டேன்.

வரவு: இந்தக் கேமராவின் சென்சார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 330 சதுர மில்லிமீட்டர். நல்ல செல்போனின் மெயின் கேமராவிலேயே சுமார் 70-தான். நாலரை மடங்குக்கு மேல் நமக்கு லாபம். செலவு: செல்லின் லென்ஸ் துவாரம் எஃப் 1.8. கேமராவோடு கொடுத்த லென்ஸின் துவாரம் எஃப் 4.5, ஜூம் பண்ணினால் 6.3. இந்த நம்பர் ஏற ஏற ஜன்னல் சிறுக்கும். 4.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் போட்டால் ஆறேகால். அதாவது ஒரே அளவு இடத்தில் விழுகிற வெளிச்சம் செல்லில் விழுவதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நாலரை மடங்கு வரவு, ஆறேகால் மடங்கு செலவு. நிகர நஷ்டம்! போதாததற்கு செல் நாலைந்து படங்களை மளமளவென்று எடுத்து ஒன்றாகச் சேர்த்து மெழுகிக் கொடுக்கிறது. கேமரா ஒரே படத்தை உள்ளது உள்ளபடி கொடுக்கிறது, பாவம்.

குற்றவாளி கேமரா இல்லை, லென்ஸ். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 24 மெகாபிக்ஸல் என்று மட்டும் பத்துத் தரம் சொல்வார்கள்.

கடை என்றதும் ஒன்று. எங்கள் ஊர்க்காரனுக்கு எதை வாங்கினாலும் ஒரு சபலம் உண்டு. இந்தப் பக்கம் நாகர்கோவில், அந்தப் பக்கம் திருவனந்தபுரம், எதில் விலை குறைவு? 2017 ஜூலை 1-க்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் கேமராவுக்கு அது 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நடுவே 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளாவில் வெள்ள நிவாரண செஸ் ஒரு சதவீதம் கூடுதல். இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் நான் பார்டர் தாண்டிப் போய்த்தான் வாங்கினேன். பழக்கம்!

ஆர்100-ல் வேறு குறைகளும் உண்டு. திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, டச் ஸ்கிரீன் இல்லை. என் அக்கா பையன் பத்து நிமிஷம் விரலால் தேய்த்துவிட்டு, "மாமா, ஹேங் ஆயிட்டு" என்று திருப்பிக் கொடுத்தான். திரை மடங்காது, திரும்பாது. 4கே வீடியோ உண்டு, ஆனால் ஓரங்களை வெட்டிவிட்டுத் தருகிறது. அதே வருஷம் வந்த ஆர்50-ல் தொடுதிரை, மடங்கும் திரை, வெட்டாத 4கே எல்லாம் இருக்கின்றன. விலையும் கணிசமாக அதிகம். ஓடுகிற குழந்தையையும் வீடியோவையும் துரத்துகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். முகம் எடுக்கிறவனுக்கு என் கட்சி வேறு: ஆர்100-ஐயே வாங்கி, மிச்சக் காசில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள். 160 கிராம்தான். அதை மாட்டினால் துவாரம் செல்லுக்குச் சமம், சென்சார் நாலரை மடங்கு. இப்போது கூட்டிப் பாருங்கள் கணக்கை! கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி மட்டும் அந்த லென்ஸிலும் இல்லை, கேமராவிலும் இல்லை. ஷட்டரை நூறில் ஒரு விநாடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அவ்வளவுதான். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். இதற்குச் செலவு கம்மி, மறந்தால் நஷ்டம் ஜாஸ்தி.

அடுத்த மாசச் சம்பளத்தில் அந்த 50-ஐ வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அம்மா கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மரங்களுக்கு நடுவே சாய்வாக வெயில். கேமரா அம்மாவின் கண்ணைத் தானாகத் தேடிச் சதுரம் போட்டுப் பிடித்துக்கொண்டது. அம்மா திரும்பினார்.

"அப்பனுக்க படத்துக்கு ஜோடி சேக்கவாக்கும் இந்தப் பாடு?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று ஏதோ உளறினேன். அம்மா சிரித்துவிட்டார். என் பொய்யைப் பார்த்துச் சிறு வயசிலிருந்தே சிரிக்கிற அதே சிரிப்பு. விரல் அதுபாட்டுக்கு அமுக்கிவிட்டது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பின்னால ஷீட்டெல்லாம் மங்கலாட்டு கெடக்கு. கேமரா சரியில்ல, கேட்டியா."

"அது லென்ஸோட விசேஷம்மா."

"ம். முகம் கொள்ளாம்." திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்து உதறினார். "பெரிசாக்கி பிரேம் போட்டு வை. அலமாரிக்குள்ள வை மக்களே. இப்பமே ஆணி அடிச்சிராத."