குருவிமேல் பிரமாஸ்திரமா?

படைக்கலம் ஒன்றின் சிறப்பு அதன் வலிமையில் மட்டும் இல்லை. எய்யப்படும் குறிக்கு அது பொருந்துவதிலேயே உள்ளது. "சிட்டுக்குருவிமேல் பிரமாஸ்திரமா?" என்று நம் முன்னோர் கேட்டதன் கருத்தும் அதுவே. அமெரிக்க நாட்டில் சிறு விலங்கு வேட்டையாடுவோரிடையே இக்கேள்வி இன்றும் ஓய்ந்தபாடில்லை. அங்கே அஸ்திரம் என்பது ஓரங்குல நீளமுள்ள பித்தளைத் தோட்டா. குருவியின் இடத்தில் நிற்பவை அணிலும் முயலும். நாம் வேட்டைக்காரர் அல்லோம். ஆயினும், சிற்றுயிர் ஒன்றைக் கொல்ல நேரும் மனிதன் எவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் வினா வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இவ்விவாதத்தைச் சற்றே உற்று நோக்குவோம்.

பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீமூட்டும் சிறு குமிழ் ஒன்று தனியே பதிக்கப்பட்டிருக்கும். நாம் கூறும் சிறு தோட்டாக்களிலோ அத்தீமருந்து கோதின் விளிம்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். துவக்கின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்ளும். நசுங்குவதற்குக் கோது மெல்லியதாயிருத்தல் வேண்டும். மெல்லிய கோதோ மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. மலிவும் எளிமையும் இவ்வமைப்பால் வந்த நன்மைகள். வலிமைக்கு ஓர் எல்லை ஏற்பட்டதும் இதனாலேயே.

இவ்வினத்தில் உலகெங்கும் புகழ்பெற்றது, 1887 இல் தோன்றிய .22 லோங் றைபிள் என்னும் தோட்டா. அதன் வழக்கமான ஈயக்குண்டு 40 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2.6 கிராம் எடையுள்ளது. அது செக்கனுக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகத்தில் புறப்படும். 1959 இல் வின்செஸ்டர் கம்பனியார் நீண்ட கோதுடைய .22 மக்னம் தோட்டாவை வெளியிட்டனர். அதே எடையுள்ள குண்டு இதில் 1,900 அடி வேகத்தை எட்டியது. பின்னர் 2002 இல் ஹோர்னடி கம்பனியார் அந்த மக்னம் கோதின் கழுத்தையே ஒடுக்கி, 17 கிரெயின் எடையுள்ள சின்னஞ்சிறு குண்டைப் பொருத்தினர். .17 எச்.எம்.ஆர். எனப்படும் இதன் வேகம் செக்கனுக்கு 2,550 அடி.

இங்கே மாணவர்க்கு ஒரு நல்ல பாடம் உண்டு. பழைய லோங் றைபிள் குண்டின் எடையில் பாதிதானும் இல்லாத இப்புதிய குண்டு, அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சக்தியுடன் பாய்கிறது. இயக்கச் சக்தி எடையோடு நேராகவும், வேகத்தோடு வர்க்கமாகவும் கூடுவதே இதற்குக் காரணம். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும்.

அப்படியாயின் புதியதே சிறந்தது எனத் தீர்ப்புக் கூறிவிடலாமா? கென்டக்கி மாநிலத்துக் காடுகளில் அணில் வேட்டையாடுவோர் அதனை ஒப்பார். இராமபிரான் தடவிய மூன்று கோடுகளையுடைய நம் சிற்றணிலை வாசகர்கள் எண்ணிக்கொள்ள வேண்டா. அங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோ எடைவரை வளர்வது. அதைக் கறியாக்கி உண்பது அங்கே பழைய வழக்கம். அதிவேகக் குண்டு உடலிற் பட்டதும் சிதறி இறைச்சியைக் குலைத்துவிடும். சட்டிக்காக வேட்டையாடுவோனுக்கு, மரத்தடியிலிருந்து முப்பது யார் தூரத்தில் அமைதியாகச் சுடும் பழைய தோட்டாவே ஏற்றது.

கலிபோர்னியாவின் கமக்காரன் நிலை வேறு. அவனுடைய பயிரையும் கொட்டைகளையும் தின்று, ஆற்று அணைக்கரைகளிலும் வளை தோண்டும் நில அணில் உணவுக்குரிய வேட்டையன்று. அவனுக்கு அது பகை. திறந்த வெளியில் அது நூறு யார் தொலைவில் நிற்கும். ஐம்பது யாருக்குச் செம்மை செய்த லோங் றைபிள், நூறு யாரில் ஆறேழு அங்குலம் தாழ்ந்துவிடும். அன்றியும் மழுங்கிய ஈயக்குண்டு கல்லிலோ நீரிலோ பட்டுத் தெறித்து வேறு திசையிற் பாயக்கூடும். புதிய குண்டோ நேராகச் செல்வது. பட்டவிடத்திற் பெரும்பாலும் உடைந்துபோவது. ஆகவே அவனுக்கு அதுவே தக்கது. ஆயினும் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, நூறு யாரில் அதனையும் நான்கு அங்குலம் வரை விலக்கிவிடும். அணிலின் தலையோ அவ்வளவு அகலமுடையதன்று.

எம் கருத்தில் விவாதத்தின் உயிர்நிலை இதுதான். குண்டு எவ்வளவு தூரம் எட்டும் என்பதன்று கணக்கு. எவ்வளவு தூரத்தில் ஒரே அடியில் உயிரைப் போக்கும் என்பதே கணக்கு. குறி தப்பிக் காயமுற்ற விலங்கு வளைக்குள் புகுந்துவிட்டால், அது படும் பாட்டைச் சுட்டவன் காண்பதில்லை. வலிய தோட்டா சுடுவோனின் துணிவை நீட்டுகிறது, கைத்திறனை நீட்டுவதில்லை.

சுட்டபின் வயலிற் கிடக்கும் பிணத்துக்கும் ஒரு கதை உண்டு. சிதறிய ஈயத்துகள்களை இறைச்சியோடு விழுங்கும் பறவைகள் நஞ்சேறி மடிகின்றன. கலிபோர்னியாக் கொண்டோர் என்னும் பெருங்கழுகினம் 1982 இல் இருபத்திரண்டாகக் குறைந்து, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. அதன் உயிர்ப்பகைகளுள் ஈயமே முதன்மையானது. எனவே 2013 இல் அம்மாநிலம் சட்டம் இயற்றி, 2019 யூலை 1 முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றாக விலக்கியது. செம்பு ஈயத்திலும் இலேசானது. ஆகவே அங்குள்ள வேட்டைக்காரர் எடையையும் வேகத்தையும் மறுபடியும் கணக்கிட வேண்டியவராயினர்.

பயிரைக் காப்பது கமக்காரனின் உரிமை. கறிக்காக வேட்டையாடுவதும் பழைய வழக்கமே. ஆனால் எதற்காகச் சுடுகிறோம், எவ்வளவு தொலைவிலிருந்து சுடுகிறோம், சுட்டபின் எஞ்சுவதை எவ்வுயிர் உண்ணும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாதவன் கையில் எந்தத் தோட்டாவும் நல்ல தோட்டா ஆகாது. விசையை அழுத்துமுன் அவ்வளவும் எண்ணிப் பார்ப்பவனுக்கோ, ஓரங்குலத் தோட்டாவே பெரும்பாலும் போதும்.