டேங்க் எப்பவுமே ஃபுல்லாத்தான் இருக்கும்

மாத்தூர், வல்லம், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. வாடகை எவ்வளவு, ஈபி யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணி எத்தனை மணிக்கு வரும், எல்லாம் ஒப்பிப்பாங்க. செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பாங்க. பாத்ரூம்ல தண்ணி இறங்காம நிக்கிற அன்னைக்குத்தான் அப்படி ஒண்ணு இருக்கிறதே ஞாபகத்துக்கு வரும்.

நான் சிவில். செப்டிக் டேங்க் டிசைன் எங்களுக்கு ஒரு பெரிய கேள்வி. நீளம், அகலம், ஆழம் கண்டுபிடிச்சு படம் போட்டா மார்க் வந்துடும். ஆனா ஜனங்க அதைப் பத்தி என்னென்ன நம்புறாங்கன்னு எந்த சிலபஸ்லயும் இல்ல.

"டேங்க் ரொம்பிடுச்சு, லாரியக் கூப்பிடு"ன்னு சொல்வாங்கல்ல? டேங்க் எப்பவுமே ரொம்பித்தான் இருக்கும். அதோட வேலையே அதுதான். உள்ள எவ்வளவு தண்ணி வருதோ அவ்வளவு தண்ணி அந்தப் பக்கம் வெளிய போகும். கனமானது அடியில சேறாப் படியும், எண்ணெயும் சோப்பும் மேல ஆடை மாதிரி மிதக்கும். நடுவுல இருக்கிற தண்ணி மட்டும் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுல இறங்கணும். நாம பார்க்க வேண்டியது தண்ணி மட்டத்த இல்ல, அடியில சேறு எவ்வளவு ஏறியிருக்குங்கிறத.

இன்னொண்ணு, "எங்க வீட்டுல பத்து வருஷமா க்ளீன் பண்ணதே இல்ல." எங்க தெருவுல இதைப் பெருமையாச் சொல்ற ஹவுஸ் ஓனருங்க உண்டு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சேறு எடுக்கணும். பத்து வருஷமா ரொம்பலன்னா ஒண்ணு அடியில சிமென்ட்டே போடல, இல்ல சேறு எல்லாம் உறிஞ்சு குழிக்குப் போயிட்டிருக்கு. ரெண்டுலயும் அது கடைசியா போய்ச் சேர்ற இடம் நிலத்தடித் தண்ணி. அதே காம்பவுண்டுல போர் போட்டு அந்தத் தண்ணியத்தான் நாம வாய் கொப்பளிக்கிறோம்.

நம்ம ஏரியாவுக்கே உரிய பிரச்சினை ஒண்ணு இருக்கு. ஐ.எஸ். 2470 கோடு புத்தகத்துல 5 பேருக்கான டேங்க் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணி ஆழம். சுமார் 1,100 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர்னு வெச்சா தண்ணி ரெண்டு நாளுக்கு மேல உள்ள நிக்கும், கழிவு படிய நேரம் கிடைக்கும். அந்த வீட்டையே மூணு போர்ஷனாத் தடுத்து, ஷிஃப்ட் வேலைக்குப் போற 15 பேருக்கு விட்டா? தண்ணி 18 மணி நேரம்கூட நிக்காது. படியிறதுக்கு முன்னாடியே கழிவு வெளிய ஓடிடும். இதுல சேறு சேர்றதையும் கழிச்சா இன்னும் மோசம். வாடகை மூணு மடங்கு ஆகுது, டேங்க் அதேதான்.

சாணி, வெல்லம், ஈஸ்ட், கடையில விக்கிற பவுடர் இதெல்லாம் போட்டா சேறு கரைஞ்சிடும்னு ஒரு வைத்தியம் உண்டு. தேவையான பாக்டீரியா நம்ம வயித்துல இருந்தே தினம் போகுது, தனியா அனுப்ப வேண்டியதில்ல. பவுடர் போட்டாலும் சேறு எடுக்காம இருக்க முடியாது. ஒரு பக்கம் பவுடரைப் போட்டுட்டு இன்னொரு பக்கம் பாட்டில் பாட்டிலா ஆசிட் ஊத்துறது தனி காமெடி.

இதெல்லாம் தப்பா நம்பினாலும் காசோடயும் நாத்தத்தோடயும் போயிடும். கடைசியா ஒண்ணு இருக்கு, அது உயிரை எடுக்குது: "நம்ம வீட்டு டேங்க்தானே, ரெண்டு நிமிஷம் இறங்கிப் பார்த்துடலாம்."

2019 மார்ச்சுல, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல நெமிலியில, ஒரு குடியிருப்போட செப்டிக் டேங்க்ல 6 பேர் இறந்தாங்க. வீட்டு ஓனர், அவரோட ரெண்டு மகன்கள், கூட இன்னும் மூணு பேர். ஒருத்தர் மயங்கி விழ, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, அப்படியே வரிசையாப் போயிட்டாங்க. சாக்கடை வேலைன்னாலே 'அது வேற யாரோ செய்யுற வேலை'ன்னு ஒதுக்கி வெச்சுப் பேசுற ஊரு நம்மது. அதனாலயே அந்த ஆபத்து நம்ம வீட்டு வாசல்லயும் இருக்குன்னு யாருக்கும் உறைக்கல.

உள்ள இருக்கிறது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும். 100 பி.பி.எம். தாண்டினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்"ங்கிற அந்த நிமிஷம்தான் ரொம்ப மோசமான நிமிஷம். 1,000 பி.பி.எம். பக்கம் போனா ஓரிரு மூச்சுலயே ஆள் சாய்ஞ்சிடுவார். அது காத்தை விடக் கனம், மூடியத் திறந்து வெச்சா மட்டும் போயிடாது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கிறதும் வேலைக்கு ஆகாது. விஷவாயு இருக்கும்போதும் அது எரியும், மீத்தேன் இருந்தா வெடிக்கும். முகத்துல கட்டுற கர்ச்சீஃப் தூசிக்குத்தான்.

யாராவது உள்ள விழுந்துட்டா எவ்வளவு பதறினாலும் இறங்காதீங்க. 112க்கு அடிங்க, மூச்சுக் கருவியோட ஃபயர் சர்வீஸ் வரணும். பாதுகாப்புக் கருவி இல்லாம காசுக்கு ஒருத்தர இறக்கினா, 2013 சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட. க்ளீன் பண்ண லாரி வேணும்னா 14420.

ஓனர்கிட்ட கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு கேளுங்க. மூடி எங்க இருக்குன்னும் கேட்டு வெச்சுக்குங்க. நாங்க தங்கியிருக்கிற வீட்டுல மூடிக்கு மேல ரெண்டு பல்சர் நிக்குது. லாரி வர்ற அன்னைக்கு முதல்ல அந்த பசங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரணும்.